தொண்டை வால்வுக்குப் போட்ட எண்ணெய்

அன்று காலையில் என் மனைவி சரசு கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தேன். குடித்ததும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கழுத்தில் கட்டியிருந்த துணி ஈரமானது. எடுத்துப் பார்த்தால் காப்பி. வாய் வழியாக உள்ளே போனது கழுத்து ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. எனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று அந்த நிமிடமே தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கழுத்தில் ஓட்டையா என்று கேட்பவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மோகனூரில் மோட்டார் பழுது பார்க்கும் கடை. ராசு என்றால் தெரியாது, மோட்டார் ராசு என்றால் ஆற்றங்கரை வரைக்கும் தெரியும். கிணற்று மோட்டார், நீர்மூழ்கி மோட்டார், அடிபம்பு எதுவானாலும் பார்ப்பேன். கூடவே முப்பது வருசம் பீடியும் பிடித்தேன். குரல்வளையில் புற்றுநோய் வந்தது. ஒன்றரை வருசத்துக்கு முன்னால் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்துவிட்டால் மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அதுதான் ஓட்டை. அப்புறம் மூச்சு விடுவது, இருமுவது, தும்முவது எல்லாம் அந்த வழியாகத்தான். மூக்கு சும்மா முகத்துக்கு ஒரு அழகு. வாசனை தெரியாது, காப்பியை ஊதிக் குடிக்க முடியாது, மூக்குச் சிந்தக்கூட முடியாது.

பேச்சு மட்டும் திரும்பக் கிடைத்தது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டு போகின்றன. நடுவில் உள்ள சுவரில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதில் சிலிக்கான் வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கழுத்து ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டால், காற்று அந்த வால்வைத் திறந்துகொண்டு உணவுக்குழாய்க்குள் போய், அங்கே அதிர்ந்து, வாய் வழியாகப் பேச்சாக வரும். கொஞ்சம் கரகரப்புதான். ஆனாலும் பேச்சு. சாப்பிடும்போது வால்வு தானாக மூடிக்கொள்ளும், சோறும் தண்ணீரும் நுரையீரல் பக்கம் எட்டிப் பார்க்காது.

இதை டாக்டரம்மா படம் போட்டு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது பேச்சு இல்லை, அழித்து அழித்து எழுதும் வெள்ளைச் சிலேட்டில் பேனாவால் எழுதித்தான் காட்டுவேன். டாக்டரம்மா பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க மட்டும் வராது. அதனால் நான் எழுதுவதைச் சரசுதான் வாசித்துச் சொல்வாள். "இது எங்க புட் வால்வுங்க, ஆயிரம் மாட்டியிருப்பேன்னு எழுதியிருக்காருங்க" என்று வாசித்தாள். கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் அடியில் புட் வால்வு இருக்கும். தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. டாக்டரம்மாவும் சிரித்து, "அப்படின்னா உங்களுக்கு நான் சொல்லித் தரவே வேண்டாம்" என்றார். அதுதான் எனக்குக் கேடாக முடிந்தது.

எந்த வால்வும் உடம்புக்குள் ஆயுசுக்கும் நிற்காது. எனக்கு முதல் வால்வு ஐந்து மாதம் வந்தது. வாயில் சாதாரணமாக இருக்கிற பூஞ்சை சிலிக்கானைப் பிடித்துக்கொண்டு வளரும், அப்போது வால்வின் மூடி சரியாக உட்காராது, ஒழுக ஆரம்பிக்கும், மாற்ற வேண்டும். இரண்டாவதும் அப்படியே போயிற்று. பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் ஒரு குட்டி பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, கழுத்து ஓட்டை வழியாக வால்வுக்குள் விட்டுச் சுற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் தவிர வேறு எதுவும் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். காலையில் சரசு என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துச் செய்வாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்து நானே கண்ணாடி பார்த்துச் செய்துகொள்வேன்.

மூன்றாவது வால்வு மாட்டியதிலிருந்தே இறுக்கமாக இருந்தது. பேச ரொம்ப தம் பிடிக்க வேண்டியிருந்தது. கிணற்றுக்குள் குழாய் இறக்கும்போது "நிறுத்து" என்று நான் கத்தினால் மேலே இருப்பவனுக்கு மூன்றாவது தடவைதான் கேட்கும். டாக்டரிடம் போயிருக்கலாம். நான்தான் மோட்டார் ராசு ஆயிற்றே. அடிபம்பில் தோல் வாசர் காய்ந்து தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன செய்வோம்? எண்ணெயில் ஊறப் போடுவோம். ஊறினால் மெத்தென்று உட்காரும், தண்ணீர் கொட்டும். ஒருநாள் சாயங்காலம் பிரஷ்ஷைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டேன். அன்றைக்குக் குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. பெரிய டாக்டருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் தினமும் அதே வேலை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். சரசுவிடம் சொன்னால் அவள் டாக்டரிடம் சொல்லிவிடுவாள். ஒருநாள் அவளே கேட்டாள். "ஏனுங்க, எண்ணெ இப்புடிக் கொறையுது? உங்களுக்குத் தலையில முடியும் இல்லியே?" கதவுக் கீலுக்குப் போட்டேன் என்றேன். நம்பிவிட்டாள். இரண்டு மாதம் ஓடியது. அதன் பிறகுதான் அந்தக் காப்பி.

அன்று மத்தியானமே காய்ச்சல் ஏறிவிட்டது. வாடகைக் கார் பிடித்துச் சேலம் போனோம். சளி கொதிப்பது போலக் கழுத்தில் கொரகொரவென்று சத்தம். ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வெளியே நீள நீள பெஞ்சுகள். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், எதிரே இருந்த ஒரு குழந்தை என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா அதன் முகத்தைத் திருப்பத் திருப்ப அது மறுபடியும் பார்த்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இருமி இருமி விலா எலும்பெல்லாம் வலித்தது.

டாக்டரம்மா நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, விளக்கை அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை அது. நீலம் வால்வின் நடுவில் வந்தால் மூடி கெட்டுவிட்டது, வால்வைச் சுற்றி வந்தால் துளை பெருத்துவிட்டது. எனக்கு இரண்டு வழியிலும் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிட்டது, படுக்கையில் சேர்த்தாக வேண்டும் என்றார். வால்வைக் கழற்றித் தட்டில் போட்டபோது எட்டிப் பார்த்தேன். மூடி உப்பி, ஓரம் நெளிந்து கிடந்தது. டாக்டரம்மா அதை இடுக்கியால் தூக்கி விளக்கில் காட்டி, "இது என்ன இப்படி ஆயிருக்கு? பூஞ்சை மாதிரியும் தெரியலையே" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் அடைபட்டேன். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், கஞ்சியும் பாலும் அதில்தான். கழுத்து ஓட்டையில் ஒரு குழாய், அதைச் சுற்றிக் காற்றடைத்த பை, எச்சில்கூட நுரையீரலுக்கு இறங்காமல் இருக்க. கையில் மருந்து ஏறும் குழாய். எச்சிலை விழுங்கக் கூடாது, கிண்ணத்தில் துப்ப வேண்டும். ஒரு நாளைக்கு மனிதனுக்கு எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இடது பக்கம் திரும்பினால் கழுத்து இழுக்கும், வலது பக்கம் திரும்பினால் மூக்கு இழுக்கும். ஜன்னல் இருந்தது, ஆனால் அதற்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் கசிந்துகொண்டே இருந்தது. இறங்கிப்போய் ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடுவேன். படுத்துக்கொண்டு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சில்லாதவனிடம் எல்லோரும் ஏனோ கத்திப் பேசுகிறார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த சேலை வியாபாரி சித்தேஸ்வரன், காதில் ஆபரேஷன் ஆகித் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது, எனக்கு வாய் பேசாது, எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டது யார் புத்தியோ. நான் எழுத ஆரம்பித்தாலே முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டு மீதியை அவரே முடித்துவிடுவார். ஒருநாள் "தண்" என்று எழுதியதும், "தண்ணி கேக்கறாரும்மா" என்று வார்டுக்கே அறிவித்தார். நான் எழுத வந்தது தண்டனை என்று. என் நிலைமை அப்படி இருந்தது. அதை அவரிடம் யார் விளக்குவது.

சரசு மீது விழுந்த பழியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் டாக்டரம்மா கேட்டார், "காலையில நீங்கதானே கிளீன் பண்றது? எப்படிப் பண்ணுவீங்க, காட்டுங்க." சரசு ஒரு காலி வால்வை வைத்துக்கொண்டு செய்து காட்டினாள். சரியாகத்தான் செய்தாள். நர்ஸ் சகாயமேரி, "இன்னும் ரெண்டு சுத்து சுத்தணும்மா" என்றார். அவர் நல்லவர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். சரசு அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுக்க, "ரெண்டு சுத்து கம்மியாப் போச்சாட்ட இருக்குதுங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் கழுத்து ஓட்டை வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் இறக்கினார்கள். மரத்துப்போக மருந்து அடித்தாலும் மூச்சு முட்டியது. கிணற்றுக்குள் மண் சரிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே உப்புத் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. நுரையீரலில் எண்ணெய்ப் பசை. வயிறு எண்ணெயைச் செரிக்கும், நுரையீரலுக்கு அது தெரியாது. எண்ணெய் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும், வெறும் கிருமி மருந்துக்கு அடங்காது என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டுச் சரசுவைப் பார்த்தார்.

"எண்ணெய் எங்கிருந்து வந்தது? பஜ்ஜி, வடை ஏதாவது குடுத்தீங்களா? ஒழுகுறது தெரிஞ்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க. ஒழுகுனது அன்னிக்குத்தானுங்க தெரியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. தினமும் எண்ணெய் போகாம இவ்வளவு சேராது."

சரசு யோசித்தாள். அவள் யோசித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "முட்டைப் பொரியல் செஞ்சனுங்க. அதுல கொஞ்சம் எண்ணெ ஜாஸ்தி ஊத்துவேனுங்க, அவருக்குப் புடிக்கும்னு" என்று குற்றவாளி மாதிரி ஒப்புக்கொண்டாள். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பேனா என் வயிற்றின் மேல் கிடந்தது. சிலேட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால், வெட்கம்தான். ஊரில் எல்லோருடைய வால்வையும் சரி செய்கிறவன் தன் தொண்டை வால்வைத் தானே கெடுத்துக்கொண்டான் என்றால் கடை வாசலில் எவன் வந்து நிற்பான் என்று முதல் நாள் தோன்றியது. இரண்டாம் நாள் நேற்றே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. ஐந்தாம் நாள், இத்தனை நாள் அவளைத் திட்டு வாங்க விட்டுவிட்டு இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று தோன்றியது. நாள் ஆக ஆக அது கெட்டியாகிக்கொண்டே போனது. வாயில்லாதவன் என்பது எனக்கு ஒரு வசதியாகவும் போய்விட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் என் அக்கா பாவாயி ஜேடர்பாளையத்திலிருந்து வந்தாள். வந்து, என் குழாய்களை எல்லாம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராகச் சரசுவிடம் திரும்பினாள்.

"ஏ அம்மிணி, என்ற தம்பிக்கு ஒரு ஓட்டையக் கழுவி உடத் தெரியலியா உனக்கு? அதக் கூடச் செய்யாம ஊட்டுல அப்புடி என்ன வேல?"

"செஞ்சனுங்க அண்ணி."

"என்ன செஞ்ச? செஞ்சிருந்தா ஏன் இப்புடிக் கெடக்கறான்? சாமி மாதிரி இருந்தவன்."

சரசு என் மூக்குக் குழாயில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற கை நிற்கவே இல்லை, கண்ணீர் மட்டும் தாடை வழியாக இறங்கியது. எனக்குப் பசி அடங்கிக்கொண்டே வந்தது. இந்த ஜென்மத்தில் அவ்வளவு கேவலமாக நான் ஒரு சோறு தின்றதில்லை.

சகாயமேரி மத்தியானங்களில் வேலை குறைவாக இருந்தால் என் கட்டில் பக்கம் வந்து ஏதாவது சொல்வார். இந்த வால்வு வைத்திருப்பவர்களுக்கு என்னென்ன வரும் என்று அவர் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. பூஞ்சை சிலருக்கு இரண்டே மாதத்தில் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருசம் ஆனாலும் பிடிக்காது. வால்வைச் சுற்றிச் சதை வளர்ந்து அதை மூடிவிடுவதும் உண்டு. இருமும்போது கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "பயப்படுறதுக்குச் சொல்லலீங்க. உள்ள இருக்குறது நம்ம சதை இல்ல, வந்து தங்கியிருக்குற ஒறம்பரை மாதிரி. பார்த்துப் பார்த்து வச்சுக்கணும்" என்றார். நான் அந்த விருந்தாளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கதை அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, டாக்டரம்மா மறுபடியும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் நல்ல சேதி இருக்காது.

"காய்ச்சல் விட்டாச்சு. ஆனா துளை சுருங்கவே மாட்டேங்குது. போட்ட வால்வும் ரெண்டு மாசத்துல வீங்கிப்போச்சு. இவர் உடம்புக்கு இது ஒத்துக்கலைன்னுதான் நினைக்கறேன். இனிமே வேற வால்வு போட்டா மறுபடியும் நிமோனியாதான். வெள்ளிக்கிழமை அந்தத் துளையைத் தைச்சு மூடிடலாம்."

"அப்பறம் பேச்சுங்க?" என்று சரசு கேட்டாள்.

"இந்த வழியில வராது. கழுத்துல வச்சுப் பேசுற மிஷின் ஒண்ணு இருக்கு. பழகினா பேசலாம்."

அந்த மிஷினை நான் கேட்டிருக்கிறேன். போன தடவை வார்டில் ஒருவர் வைத்திருந்தார். எல்லா வார்த்தைக்கும் ஒரே சுருதி. அவர் மனைவியைக் கூப்பிட்டதும் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் ஒரே மாதிரி இருந்தது. நான் கோபக்காரன். கத்தினால்தான் எனக்கு வேலை ஓடும். சிரித்தால் வார்டுக்கே கேட்க வேண்டும். இந்த ஒன்றரை வருசத்தில் கட்டை விரலை வைத்து, கரகரவென்று நான் பேசிய பேச்சு எனக்கு எத்தனை பிடித்துப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பேச்சு தங்கும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு போகும். இவ்வளவு தெளிவாக இருந்தும் அன்று ராத்திரி முழுக்க என் கை சிலேட்டுக்குப் போகவில்லை. என் மேல் எனக்கு இருந்த அருவருப்பை எந்த மருந்தும் போக்கியிருக்காது.

மறுநாள் காலையில் சகாயமேரி ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தார். நான் கைநாட்டு இல்லை, இருந்தாலும் வீட்டு ஆள் கையெழுத்தும் வேண்டுமாம். டாக்டரம்மா கூடவே வந்திருந்தார். சரசு பேனாவை வாங்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றனுங்க. தப்பு எம்மேலதானுங்க. சுத்தமாக் கழுவலீங்க, எண்ணெப் பண்டமும் குடுத்துட்டனுங்க. நான் பண்ணுன தப்புக்கு அவரு பேச்சப் பறிக்காதீங்க. இன்னொருக்கா வால்வு போட்டு உடுங்க. நான் தொட மாட்டனுங்க. தெனமும் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போயி நர்சுகிட்டக் கழுவிக்கறோமுங்க."

சேலை வியாபாரி சித்தேஸ்வரன் கட்டுப் போட்ட தலையைத் தூக்கிப் பார்த்தார். காது கேட்காதவருக்கும் அவள் கெஞ்சுவது தெரிந்துவிட்டது. டாக்டரம்மா, "அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்தார். நான் கட்டில் கம்பியைப் படபடவென்று தட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். சிலேட்டை எடுத்து எழுதினேன். எழுத்து கோணியது. எழுதி முடித்துச் சரசுவிடம் நீட்டினேன். டாக்டரம்மாவுக்குப் படிக்க வராது, சரசுவைத் தாண்டிச் சகாயமேரியிடம் நீட்ட எனக்கு மனசு இல்லை. அவளேதான் வாசிக்க வேண்டும்.

வழக்கம்போல டாக்டரம்மா பக்கம் திரும்பிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். "வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். ரெண்டு மாசம். தினமும் சாயங்காலம்." அந்த இடத்தில் நின்றாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அப்புறம் எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி மீதியையும் வாசித்தாள். "சரசுக்குத் தெரியாது. அவ மேல தப்பு இல்ல. எனக்குப் பேச்சு வேணும்."

"தேங்காய் எண்ணெயா?" என்று டாக்டரம்மா எழுந்துவிட்டார். "தண்ணி தவிர வேற எதுவும் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! சிலிக்கான் எண்ணெயைக் குடிக்கும் ஐயா. குடிச்சுக் குடிச்சு உப்பிப்போகும், மூடி உட்காராது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு சொட்டு நேரா நுரையீரலுக்குப் போயிருக்கு. பத்து நாளா நான் இந்த அம்மாவைத் திட்டிட்டு இருக்கேன், நீங்க பார்த்துட்டுப் படுத்திருக்கீங்க?" அப்புறம் சரசுவின் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். படிவத்தைச் சகாயமேரியிடம் திருப்பிக் கொடுத்தார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை, எண்ணெயால் வந்த புண், ஆறினால் துளையும் சுருங்கலாம், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

சரசு சிலேட்டை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கழுத்திலும் மூக்கிலும் கையிலும் குழாயோடு படுத்திருக்கிறவனுக்கு அது எட்டாது என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் எட்டு நாள். பால் ஊற்றினாள், எச்சில் கிண்ணத்தைக் கழுவினாள், முதுகு துடைத்துவிட்டாள், மருந்துக் கடைக்கு ஓடினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரம்மா வரும்போது மட்டும் சிலேட்டை எடுத்துக் கொடுப்பாள், அவர் போனதும் ஜன்னலுக்குப் போய்விடும். அக்கா மறுபடியும் வந்தபோது சகாயமேரி நடந்ததைச் சொல்லிவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், சரசுவைப் பார்த்தாள். "ஆம்பளைங்கன்னா அப்புடி ஏதாச்சும் பண்றதுதான்" என்று முடித்துக்கொண்டாள். சரசு எச்சில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான்கு பக்கமும் சுவர், மூன்று குழாய், பக்கத்தில் பேசாத பெண்டாட்டி. அந்த எட்டு நாளுக்கு முந்தின பத்து நாளே தேவலை என்றாகிவிட்டது.

பதினெட்டாம் நாள் துளை சுருங்கியிருந்தது. டாக்டரம்மா புது வால்வைப் பொருத்தினார். இது விளிம்பு கொஞ்சம் பெரியது. நீலத் தண்ணீர் கொடுத்தார், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. நுரையீரலில் இருக்கும் நிழல் போக இன்னும் மாதங்கள் ஆகும், ஸ்கேனுக்கு வர வேண்டும் என்றார். "ஒண்ணு ரெண்டு சொல்லுங்க" என்றார். கட்டை விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். கரகரவென்று என் குரலேதான். பத்து வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். சரசு பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிலேட்டைப் பைக்குள் போட்டாள். "போலாங்களா?" என்றாள். எட்டு நாளில் அதுதான் முதல் வார்த்தை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மல்லூர் தாண்டும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் ஏற்கெனவே பேசிப் பார்த்திருந்தேன். தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துவிடு என்று இரண்டே வரி. விரலை ஓட்டையில் வைத்து, "சரசு" என்றேன்.

"கைய எடுங்க" என்றாள்.

"இல்ல சரசு, நான்..."

"கைய எடுங்கன்னு சொன்னனுங்க. பத்து நாளு உங்க கையில பேனா இருந்துச்சு. சிலேட்டு இருந்துச்சு. ஒரு வார்த்த எழுதலீங்க நீங்க. இப்ப நான் பேசோணும். நான் பேசி முடிக்கற வரைக்கும் அந்த ஓட்டைய மூடப்படாது."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் முதல் நாள் காப்பியிலிருந்து ஆரம்பித்தாள். டோக்கனுக்கு நின்றது, அந்தக் குழந்தை பார்த்தது, பிரஷ்ஷைப் பிடித்துக் காட்டச் சொன்னது, ரெண்டு சுத்து கம்மியாகிவிட்டதோ என்று ராத்திரி முழுக்கத் தன் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றையும் விடவில்லை. முன் சீட்டில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து, நின்று, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். புதுச்சத்திரம் போயிற்று, நாமக்கல் வந்தது, இறங்கி மோகனூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்குள் இப்போது பேச்சு இருந்தது. கட்டை விரலைத் தூக்கினால் போதும். நான் தூக்கவில்லை. அவள் இன்னும் மூன்றாம் நாளில்தான் இருந்தாள்.